"அவங்க வாழ்க்கை முறை அப்படி" என்பவர்களுக்கு: கறுப்பின கே ஆண்கள், எச்.ஐ.வி., நம்ம பிள்ளைகள்

நீலாம்பல் (அட்லாண்டா)

போன வாரம் அட்லாண்டாவில் வீடு பார்ப்பது பற்றிய இழையில் ஒருத்தர் போகிற போக்கில் "மிட்டவுன் பக்கம் வேண்டாம், அங்கே எல்லாம் எய்ட்ஸ் கேஸ்" என்று எழுதிவிட்டுப் போனார். மிட்டவுன் கே மக்கள் அதிகம் வாழும் பகுதி, அதைத்தான் குத்துகிறார். அதற்கு லைக் வேற. அந்த இழையைக் கெடுக்க வேண்டாமே என்று தனியாக எழுதுகிறேன். நான் இங்கே ஒரு சமூக கிளினிக்கில் பார்மசிஸ்ட். எச்.ஐ.வி. மருந்தும், எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரையும் தினமும் என் கையால்தான் போகிறது.

2016 பிப்ரவரியில் சி.டி.சி., அதாவது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம், ஒரு கணக்கு வெளியிட்டது. அன்றைய நிலவரமே தொடர்ந்தால் கறுப்பின கே, இருபாலீர்ப்பு ஆண்களில் இரண்டில் ஒருவருக்கு வாழ்நாளில் எச்.ஐ.வி. வரும். லத்தீனோ ஆண்களில் நாலில் ஒருவருக்கு. வெள்ளையரில் 11 பேரில் ஒருவருக்கு. இதைச் சொன்னதும் எல்லார் வாயிலும் வரும் பதில் ஒன்றுதான்: "அவங்க வாழ்க்கை முறை அப்படி."

அப்படி இல்லை என்று ஆராய்ச்சி சொல்லி வருஷக்கணக்காகிறது. கிரெக் மில்லெட் என்ற ஆய்வாளர் இதையே தோண்டியவர். 2012இல் லான்செட் மருத்துவ இதழில் அவரும் மற்றவர்களும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்று நாட்டுத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் கறுப்பின கே ஆண்கள் மற்றவர்களைவிட ஆணுறை குறைவாகப் பயன்படுத்தவில்லை, போதை மருந்தும் அதிகம் எடுக்கவில்லை. ஆனாலும் தொற்று பல மடங்கு. காரணம் வேறு இடத்தில் இருந்தது: இன்சூரன்ஸ் இல்லை, வருமானம் குறைவு, நோய் இருப்பதே தெரியாதவர்கள் அதிகம், தெரிந்தவர்களுக்கும் மருந்து தொடர்ந்து கிடைப்பதில்லை.

மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் அவரிடமிருந்து உடலுறவு வழியாக யாருக்கும் பரவாது. பல ஆய்வுகளில் நிரூபணமான விஷயம். அப்படியானால் மருந்து கிடைக்காதவர்கள் நிறைய இருக்கும் ஒரு சிறிய வட்டத்தில் பழகும் ஆள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் அவர் தலைக்கு மேல் ஆபத்து அதிகம். மருந்து கிடைக்கிற வட்டத்தில் பழகுகிறவர் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். தீர்மானிப்பது நடத்தை இல்லை, வட்டம். இந்த ஊரில் வட்டங்களை யார் பிரித்து வைத்தார்கள் என்பதற்குப் பெரிய வரலாறே இருக்கிறது, அதற்குள் இப்போது போகவில்லை.

ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸ் மெடிக்கெய்ட். அதை ஜார்ஜியா இன்னும் முழுதாக விரிவாக்கவில்லை. 2023 ஜூலையில் 'பாத்வேஸ்' என்று ஒன்று கொண்டு வந்தார்கள். மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். உணவகத்தில் பாத்திரம் கழுவி ரொக்கமாகக் கூலி வாங்குகிறவன் எந்தத் தாளைக் காட்டுவான்?

---

டெக்சாஸ்_ராகவன் (டாலஸ்)

அம்மா, உங்க சேவைக்கு வணக்கம். ஆனா இது நம்ம தமிழ் ஃபோரம். விசா, ஸ்கூல், வீடு, பரதநாட்டியம் கிளாஸ், இப்படிப் பேசற இடத்துல இது எதுக்கு? கறுப்பர்கள் பிரச்சினையைக் கறுப்பர்கள் பார்த்துப்பாங்க. பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல? ஆராய்ச்சின்னு எதை வேணும்னாலும் நிரூபிக்கலாம்.

---

நீலாம்பல்

> கறுப்பர்கள் பிரச்சினையைக் கறுப்பர்கள் பார்த்துப்பாங்க

பார்த்துக்கொண்டார்கள் சார், வேறு யாரும் பார்க்காததால். 1981 ஜூன் 5ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து கே ஆண்களுக்கு விநோதமான நிமோனியா என்று சி.டி.சி. அறிக்கை வந்தது. எய்ட்ஸ் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. ஐவரும் வெள்ளையர். அதன்பின் வெகுகாலம் அது 'வெள்ளைக்கார கே ஆண்களின் நோய்' என்றே அறியப்பட்டது. பத்திரிகைப் படம், நன்கொடை, ஆராய்ச்சிப் பணம் எல்லாம் அந்தப் பக்கமே போனது. 1986இல் நியூயார்க்கில் கறுப்பின கே ஆண்கள் தங்களுக்கென்று ஒரு அமைப்பு தொடங்கினார்கள். 1989இல் இங்கே அட்லாண்டாவில் டேஸன் டிக்ஸன் டியாலோ என்ற கறுப்பினப் பெண் 'சிஸ்டர்லவ்' தொடங்கினார். இன்றும் நடக்கிறது.

கறுப்பினத்தவருக்கு ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை இல்லை என்பதற்கு டஸ்கீகியைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். 1932 முதல் 1972 வரை அலபாமாவில் சிபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று அரசாங்கமே வேடிக்கை பார்த்த கொடுமை. உண்மைதான். ஆனால் என் கவுன்டரில் நிற்கும் 25 வயசுப் பையன் டஸ்கீகியை நினைத்துப் பயப்படவில்லை. போன மாசம் வேறொரு கிளினிக்கில் ரிசெப்ஷனிஸ்ட் "என்ன, எச்.ஐ.வி. டெஸ்ட்டா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டதை நினைத்துத்தான் பயப்படுகிறான்.

---

இணுவிலான் (ஸ்கார்பரோ)

அக்கா, நல்லாச் சொன்னியள். ராகவன் அண்ணை, தமிழ் ஆக்களுக்கு இது எதுக்கு எண்டு கேட்டியள். ரொறொன்ரோவில 'அசாப்' எண்டு ஒரு அமைப்பு 1989இல துவங்கினது. தெற்காசிய ஆக்களுக்கு எய்ட்ஸ் பற்றிச் சொல்லவும், வந்த ஆக்களுக்கு உதவவும். அவையள் தமிழிலயும் வேலை செய்தவை, செய்யினம். தேவை இல்லாமலா செய்தவை?

எங்கட பக்கத்துப் பிரச்சினை வேற மாதிரி. இஞ்ச இன்சூரன்ஸ் கனபேருக்கு ஓரளவு சரி. ஒன்ராறியோவில 25 வயசுக்குள்ள, தனியார் காப்புறுதி இல்லாத பெடியளுக்குப் பிரெப் மருந்துக்கு மாகாண அரசாங்கமே காசு குடுக்குது. ஆனால் குடும்ப வைத்தியர் ஆர்? தமிழர். அம்மான்ர சீனி வருத்தம், அப்பான்ர பிரஷர், என்ர தடுப்பூசி எல்லாம் அவரிட்டத்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில அம்மாவோட நிண்டு கதைப்பார். அவரிட்டப் போய் "டொக்டர், எனக்குத் தொண்டையிலயும் பின்பக்கத்திலயும் சுவாப் எடுக்கோணும்" எண்டு எப்பிடிக் கேக்கிறது? அவர் வெளியில சொல்லமாட்டார், சட்டம் இருக்கு எண்டு எனக்கு மூளைக்குத் தெரியும். வாய் திறக்குதில்லையே.

பாலுறவால வாற தொற்றுக்குச் சலத்தை மட்டும் சோதிச்சுப்போட்டு "எல்லாம் கிளியர்" எண்டு அனுப்பிவிடுவினம். தொண்டையில கொனோரியா இருந்தாச் சலத்தில தெரியாது. இதை எனக்கு ஒரு கறுப்பினத் தாதிதான் சொல்லித் தந்தவ, டவுன்டவுனில வேற கிளினிக்கில. அதுக்குப் பிறகு என்ர 'குடும்ப வைத்தியர்' தடிமன், காய்ச்சலுக்கு மட்டும்.

---

கொண்டல் (ஹூஸ்டன்)

வணக்கம். வருஷக்கணக்கா படிச்சிட்டு மட்டும் இருந்தவன், முதல் போஸ்ட். 23 வயசு, மாஸ்டர்ஸ் பண்றேன். அப்பா இன்சூரன்ஸ்ல இருக்கேன், 26 வரைக்கும் இருக்கலாம்ல. அப்பா அம்மா சுகர்லேண்ட்ல. அவங்களுக்கு என்னைப் பத்தித் தெரியாது.

பிரெப் ஆரம்பிக்கணும்னு ரொம்ப நாளா நினைக்கிறேன். டாக்டர் பிரச்சினை இல்ல. ஆனா எதுக்குப் போனாலும் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு கவர் அனுப்புது, 'இது பில் அல்ல'ன்னு மேல போட்டு. என்ன டெஸ்ட், எந்த லேப், எல்லாம் வரிசையா இருக்கும். அப்பா அதை ஒண்ணு விடாம பைல் பண்ணி வைப்பார், பேனாவால டிக் போட்டு. போன தடவை கண் டாக்டர்கிட்ட போனதுக்கே "எதுக்குடா ரெண்டு விசிட்?"ன்னு போன். எச்.ஐ.வி. டெஸ்ட்னு ஒரு வரி வந்தா என்ன ஆகும்னு யோசிச்சாலே வயித்தைக் கலக்குது.

வழி இருக்கா அக்கா?

---

நீலாம்பல்

கொண்டல் தம்பி, இருக்கு. இதே கேள்வியோடு வருகிற இந்தியப் பிள்ளைகள் நிறைய, நீ தனி ஆள் இல்லை.

முதலில் சட்டம். பிரெப்புக்கு அரசின் தடுப்பு மருத்துவக் குழு 2019இல் 'ஏ' தரம் கொடுத்தது. அதனால் பெரும்பாலான தனியார் இன்சூரன்ஸ் மாத்திரைக்கும், அதோடு சேர்ந்த டெஸ்ட்டுக்கும் காசு கேட்கக் கூடாது. இதை எதிர்த்து வழக்குப் போட்டதே உங்க டெக்சாஸ் கம்பெனிதான், மத நம்பிக்கைக்கு விரோதம் என்று. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழு செல்லும் என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் குழு உறுப்பினர்களை மாற்றும் அதிகாரம் சுகாதார அமைச்சர் கையில் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே இன்றைக்கு இலவசம். நாளைக்கு என்ன என்று நான் சொல்ல மாட்டேன்.

இலவசமானாலும் நீ சொன்ன அந்தக் கவர், இ.ஓ.பி. என்ற கணக்குத் தாள், வரும். அதற்கு ஹிப்பா என்ற மருத்துவ ரகசியச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 'ரகசியத் தொடர்பு' கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம்: என் தாள்கள் என் முகவரிக்கோ ஈமெயிலுக்கோ மட்டும் வரட்டும் என்று. தகவல் வெளியே போனால் எனக்கு ஆபத்து என்று அதில் தெளிவாக எழுதினால் நியாயமான கோரிக்கையை அவர்கள் தட்ட முடியாது. படிவம் அவர்கள் வெப்சைட்டிலேயே எங்கேயாவது ஒளிந்திருக்கும். கிளினிக் போவதற்கு முன்னாலேயே அனுப்பு. ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரும் வரை பொறு. முக்கியம்: அப்பாவின் ஆன்லைன் கணக்கில் உன் கிளெய்ம் தெரியுமா என்று போன் போட்டுத் தனியாகக் கேள். தாளை நிறுத்தியும் வெப்சைட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் உண்டு.

இதெல்லாம் தலைவலி என்றால் இன்சூரன்ஸையே தொடாதே. 2021க்குப் பிறகு ஜெனரிக் மாத்திரை பல கம்பெனிகளிடமிருந்து வருகிறது. கூப்பன் போட்டால் மாசத்துக்கு 30 டாலர் சுற்றி, சில கடைகளில் அதற்கும் கீழே. டெஸ்ட் செலவுதான் அதிகம். அதற்கு வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணம் வாங்கும் கிளினிக்குக்குப் போகணும். ஹூஸ்டனில் 'லெகஸி கம்யூனிட்டி ஹெல்த்' அந்த வகை. மாணவன், வருமானம் இவ்வளவு என்று சொன்னால் போதும்.

போனால் என்ன செய்வார்கள்: எச்.ஐ.வி. டெஸ்ட், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், ஹெபடைட்டிஸ் பி, சிறுநீர் டெஸ்ட், தொண்டையிலும் பின்பக்கத்திலும் சுவாப். இணுவிலான் சொன்னது சரி, அவர்கள் எடுக்காவிட்டால் நீ கேட்டு வாங்கு. ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட்டை யாராவது அலட்சியமாக விட்டால் விடாதே. ஆசியக் குடும்பங்களில் அது தெரியாமலேயே இருப்பது உண்டு. இந்த மாத்திரை அந்த வைரஸையும் அமுக்கி வைக்கும், திடீரென நிறுத்தினால் அது கிளம்பிக் கல்லீரலைப் பதம் பார்க்கும். பிறகு மூன்று மாசத்துக்கு ஒருமுறை டெஸ்ட். அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் ஏதாவது நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் எமர்ஜென்சிக்குப் போய் 'பெப்' கேள், அது நடந்த பிறகு தொற்றைத் தடுக்கும் மருந்து. 28 நாள் மாத்திரை. வெள்ளி இரவு நடந்ததைத் திங்கள்கிழமை வரை தள்ளிப் போடாதே.

---

செவ்வந்தி (சிகாகோ)

இழையில கே ஆண்கள் பத்தி மட்டும் பேசுறோம். நான் திருநங்கை. இங்க வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

2015 அமெரிக்கத் திருநர் சர்வேயில 27,000க்கு மேல கலந்துக்கிட்டாங்க. மொத்தத்துல எச்.ஐ.வி. இருக்கிறவங்க 1.4 சதவீதம். கறுப்பினத் திருநங்கைகள்ல மட்டும் 19 சதவீதம். திரும்பப் படிங்க அந்த ரெண்டு நம்பரையும். வேலை கிடையாது, வீட்டுல துரத்தியாச்சு, வாடகைக்கு வீடு கிடையாது, அப்புறம் என்ன தொழில் மிச்சம்? இது விழுப்புரத்துல என் கூட இருந்தவங்களுக்கும் இதே கதைதான்.

பிரெப் போட்டா ஹார்மோன் வேலை செய்யாதுன்னு எங்களுக்குள்ள ஒரு பயம் ஓடுது. அதனாலேயே ஒதுக்கிடுவாங்க. என் டாக்டர் சொன்னாங்க, பிரெப் ஹார்மோனைக் குறைக்காது, ரெண்டும் சேர்த்துப் போடலாம்னு. இதைச் சொல்ற டாக்டர் கிடைக்கிறதுதான் குதிரைக்கொம்பு. மருந்துக் கடையில லேபிள்ல பழைய பேர், ஆம்பளைப் பேர். அதைக் கூவுவாங்க. எழுந்து போனா எல்லாரும் பார்ப்பாங்க, போகலன்னா மருந்து இல்ல. நீலாம்பல் அக்கா, உங்க கவுன்டர்ல எப்படி?

இங்க கறுப்பினத் தோழிகளோட பழகினப்போ ஆச்சரியமா ஒண்ணு பார்த்தேன். பால்ரூம்னு அவங்க ஆட்டப் போட்டி வட்டம், அதுல 'ஹவுஸ்'னு குடும்பம் மாதிரி வெச்சிருக்காங்க. நியூயார்க்ல 1970களோட ஆரம்பத்துல கிரிஸ்டல் லபேஜா தொடங்கினது. வீட்டுல துரத்தின பிள்ளைகளை ஒரு 'அம்மா' எடுத்து வளர்ப்பாங்க. நம்ம திருநங்கை ஜமாத்துல தாய், மகள் மாதிரியே! ஒரு வித்தியாசம், அங்க ஆட்டப் போட்டிக்கு நடுவுலயே எச்.ஐ.வி. டெஸ்ட் மேசை போட்டிருப்பாங்க. மேக்கப்போட வந்து விரல்ல குத்திக்கிட்டுப் போவாங்க. எந்த ஆஸ்பத்திரியும் அந்தப் பிள்ளைங்களை அவ்வளவு சுலபமா டெஸ்ட்டுக்கு உக்கார வெச்சதில்ல.

---

நீலாம்பல்

செவ்வந்தி, எங்க கவுன்டரில் பெயரே கூப்பிடுவதில்லை. நம்பர் டோக்கன். கம்ப்யூட்டரில் 'விரும்பும் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, முன்னாடி யாரும் நிரப்பமாட்டார்கள். இப்போது நாங்களே கேட்டு நிரப்புகிறோம். சட்டப் பெயர் பில்லில் மட்டும். உங்க கடையில் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். பெரிய செயின் கடைகளில் பலதிலும் உண்டு.

---

டெக்சாஸ்_ராகவன்

சரி, எல்லாருக்கும் கஷ்டம்தான். நான் மறுக்கல. ஆனா ஒரு ஊசி வந்திருக்கு, வருஷத்துக்கு 28,000 டாலராம். அதையும் வரிப்பணத்துல குடுக்கணுமா? நானும் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டறேன்.

---

தேனீ (சென்னை)

ராகவன் சார் கேட்ட ஊசி லெனகபவிர், எச்.ஐ.வி. வராமல் தடுப்பது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும். 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை நீங்கள் சொன்னதுதான், 28,000 டாலருக்குச் சற்று மேல். ஆனால் அதே மருந்தை ஹைதராபாத்தில் ஹெடிரோவும், டாக்டர் ரெட்டீஸும் 2027 முதல் 120 நாடுகளுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 40 டாலருக்குத் தரப்போவதாக அறிவிப்பு வந்தாச்சு. கோபத்தை மருந்துக்கு வரிசையில் நிற்பவன் மேல் காட்டாமல் அந்த விலைப்பட்டியல் மேல் காட்டலாமே.

நான் இங்கே ஒரு நம்பிக்கை மையத்தில், அதாவது அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில், ஆலோசகர். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே 1986இல் நம்ம மெட்ராஸில். டாக்டர் சுனிதி சாலமனும், அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். அப்போது இங்கேயும் ராகவன் சார் சொன்ன அதே வசனம்தான்: அது 'அவங்க' நோய், குடும்பப் பெண்களுக்கு வராது. பிறகு வரிசையில் யார் யார் வந்து நின்றார்கள் என்று எச்.ஐ.வி. சிகிச்சை தந்த தாம்பரம் சானடோரியத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

இங்கே எச்.ஐ.வி. வந்தவர்களுக்கு ஏ.ஆர்.டி. மருந்து அரசாங்கத்தில் இலவசம், 2004 முதல். பிரெப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான். நம்ம நாட்டு மாத்திரைதான் உலகத்துக்கே போகிறது, நம்ம ஊர்ப் பையன் அதைக் கேட்க மருந்துக் கடைக்குப் போக வெட்கப்படுகிறான்.

---

பெரியநாயகி (எடிசன், நியூ ஜெர்சி)

நான் எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். என் பையன் போன வருஷம் எங்ககிட்ட சொன்னான். அவங்க அப்பா இன்னும் சரியா பேசறதில்ல, சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறார். நான் பேசறேன்.

அந்தக் கவர் விஷயம் படிச்சதும் எனக்கு வேற மாதிரி இருந்துது. எங்க வீட்டுலயும் எல்லாக் கவரையும் பிரிக்கறது நான்தான். கொண்டல் கண்ணா, உன் அம்மாவும் ஏற்கனவே ஏதோ யூகிச்சிருக்கலாம்னு எனக்குத் தோணறது. அதுக்காக நீ இப்பவே சொல்லுன்னு நான் சொல்லல. உனக்கு எப்ப முடியுமோ அப்ப.

988னு தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைன் இருக்கு. முன்னாடி அதுக்குப் போன் பண்ணி 3 அழுத்தினா இந்தப் பிள்ளைகளுக்குன்னே பயிற்சி எடுத்தவங்க பேசுவாங்க. என் பையன் ஒரு ராத்திரி அதுலதான் பேசினான்னு அப்புறமாத்தான் எனக்குத் தெரியும். அதை 2025 ஜூலை 17ஓட நிறுத்திட்டா. 988 பொதுவா இருக்கு. ட்ரெவர் புராஜெக்ட்னு ஒரு அமைப்பு இந்தப் பிள்ளைகளுக்குத் தனியா ஹெல்ப்லைன் இன்னும் நடத்தறா, அந்த நம்பரை என் பிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன். வர்ற விருந்தாளி யாராவது கேட்டா கேக்கட்டும்னுதான். பெத்தவாளுக்கு 'தேசி ரெயின்போ'ன்னு ஒரு குழு இருக்கு. இந்தியாக்காரா, இலங்கைக்காரா எல்லாரும் ஆன்லைன்ல வருவா. முதல் தடவை கேமராவ அணைச்சுட்டுத்தான் உக்காந்தேன்.

நீலாம்பல், ஒரு சந்தேகம். அம்மா நானே அவனை "பிரெப் போடறியா?"ன்னு கேக்கலாமா? தப்பா எடுத்துப்பானா?

---

நீலாம்பல்

பெரியநாயகி அக்கா, "போடறியா" என்று கேட்காதீர்கள், பதில் சொல்லியே ஆகணும் என்று ஆகிவிடும். "இன்சூரன்ஸ்ல பிரெப் இலவசமாம், கவர் வந்தா நான் பிரிக்கமாட்டேன், நீயே எடுத்துக்கோ" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

---

இணுவிலான்

அம்மா, நீங்கள் எனக்கும் அம்மாவா இருந்திருக்கலாம்.

---

நெறியாளர்

'இது இங்கே எதுக்கு' என்று மூன்று புகார் வந்திருக்கிறது. உடல்நலம் பகுதியில்தான் இருக்கிறது, இழை தொடரும். தனிப்பட்ட விவரங்களை, முக்கியமாக ஊரையும் கல்லூரியையும் சேர்த்து, யாரும் எழுத வேண்டாம். கொண்டல், உங்கள் பதிவில் அப்படி இருந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன்.

---

கொண்டல்

நன்றி நெறியாளர் அண்ணா. கவனிக்கல.

அப்டேட்: இன்சூரன்ஸைத் தொடாம கிளினிக் போனேன். வருமானம் கேட்டாங்க, அசிஸ்டன்ட்ஷிப் பே ஸ்லிப் காட்டினேன், கட்டணம் ரொம்பக் குறைச்சல். நர்ஸ் கறுப்பின அண்ணன் ஒருத்தர். ஒரு கேள்விக்கும் முகம் மாறல. சுவாபைக் கையில குடுத்து "நீயே எடுத்துக்கலாம், பாத்ரூம்ல படம் ஒட்டியிருக்கு"ன்னுட்டார். இவ்வளவுதானான்னு இருந்துது. எச்.ஐ.வி. நெகட்டிவ். மாத்திரை இன்னிக்கு வாங்கிட்டேன்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். ஹெபடைட்டிஸ் பி தொற்று இல்லையாம், ஆனா எதிர்ப்பு சக்தியும் இல்லையாம். சின்ன வயசுல ஊர்ல போட்ட கார்டு எங்கன்னு தெரியல, அம்மாகிட்ட கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. திரும்ப மூணு ஊசியா?

---

நீலாம்பல்

கார்டைத் தேட வேண்டாம். 'ஹெப்லிசவ்' கேள், ஒரு மாச இடைவெளியில் இரண்டே ஊசி. அது இல்லையென்றால் பழைய மூன்று ஊசி, ஆறு மாசம் ஆகும். கிளினிக்கிலேயே போடுவார்கள், குறைந்த கட்டணத்தில் கிடைக்குமா என்று கேட்டுப் பார். ஊசிக்காக மாத்திரையைத் தள்ளிப் போடாதே, இரண்டும் ஒரே நாளில் தொடங்கலாம். அம்மா கேட்டால் கேம்பஸில் எல்லாருக்கும் போடச் சொல்கிறார்கள் என்று சொல். ஹெபடைட்டிஸ் பி ஊசி 60 வயதுக்குள் எல்லாருக்குமே பரிந்துரைதான், பொய் இல்லை. ராகவன் சார், நீங்கள் போட்டுவிட்டீர்களா?

---

டெக்சாஸ்_ராகவன்

எனக்கு 61 ஆச்சும்மா.

---

நீலாம்பல்

சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள் சார். 60க்கு மேலேயும் போடலாம்.